இரட்டைக் கார்புரேட்டர் லிங்கேஜ்: முதலில் கழற்றுங்கள், அப்புறம் மாட்டலாம்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இரண்டு வெபர் கார்புரேட்டர் போட்டவர்கள் ‘ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது ஓடும் ஓட்டம்) நிற்கவே மாட்டேங்குது, ஜெட் மாத்தணுமா?’ என்று கேட்கும்போது நான் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளை) பக்கமே போவதில்லை. இரண்டு கார்ப்புக்கும் போகிற கம்பிகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்பேன். கழற்றியதும் இன்ஜின் ஒழுங்காக ஓடினால் கோளாறு லிங்கேஜில், அதாவது பெடலின் இழுப்பைக் கார்ப்புகளுக்குக் கொண்டுபோகும் அந்தக் கம்பி அமைப்பில். கழற்றியும் ஓடவில்லை என்றால் லிங்கேஜை நாள் முழுக்கத் திருகினாலும் ஒன்றும் நடக்காது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது. இரண்டு கார்ப்பும் கம்பி இல்லாமல் தனித்தனியாகச் சரியாக ஓட வேண்டும், கம்பியை மாட்டியபின் அந்த ஓட்டம் துளியும் மாறக்கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நான் எடுத்துக்கொள்வது பீட்டிலின் 1584 சிசி இன்ஜின், 85.5 மி.மீ. போர், 69 மி.மீ. ஸ்ட்ரோக், அதன்மேல் ஒரு ஜோடி வெபர் 40 ஐடிஎஃப். டெல்லோர்ட்டோ டிஆர்எல்ஏ வைத்திருப்பவர்களுக்கும் வேலை ஏறக்குறைய இதேதான். பிரேசிலில் செய்த சோலெக்ஸ், அதாவது எல்லோரும் கேட்ரான் என்று சொல்வது, ஒற்றை பேரல் (காற்று இறங்கும் குழல்) என்பதால் அவர்களுக்கு வேலை பாதி. 1963-இல் ஃபோக்ஸ்வாகனே டைப் 3 வண்டியின் 1500 எஸ் மாடலில் இரட்டைக் கார்ப் வைத்து விற்றது, போர்ஷே 356-இலும் இரட்டைதான். அவற்றிலும் இந்த முறையே செல்லும், கம்பிகள் போகும் பாதைதான் வேறு.

பீட்டிலின் ஒற்றைக் கார்ப், உதாரணத்துக்கு 34 பிக்ட்-3, இன்ஜின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் நீளமான ஒல்லிக் குழாய் வழியாகப் பெட்ரோலை அனுப்புகிறது. அந்தக் குழாய் குளிர்ந்து கிடந்தால் போகும் வழியிலேயே பெட்ரோல் துளித்துளியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஹெட்டுக்கு (இரண்டு சிலிண்டரை மூடும் தலைப்பகுதிக்கு) ஒரு கார்ப் என்று வைத்தால் இந்தத் தொல்லை போய்விடும், மூச்சும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இரட்டை மாடு பூட்டிய வண்டி மாதிரி, ஒன்று முந்தினாலும் வண்டி கோணிக்கொள்ளும். வலது ஹெட்டில் 1, 2 சிலிண்டர்கள், இடது ஹெட்டில் 3, 4 (காரின் பின்னால் நின்று பார்க்கும்போது வலது, இடது, 1-ம் 3-ம் காரின் முன்பக்கம், ஃப்ளைவீல் ஓரம்). ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-4-3-2. ஒரு பக்கம் அதிகமாகத் திறந்தால் அந்த ஜோடி இழுக்கும், மற்ற ஜோடி இழுபடும். அந்த நடுக்கத்தைத்தான் ‘மிஸ்ஸிங்’ என்று நினைத்துப் பிளக் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சூடானால் இன்ஜின் அகலமாகும்

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம். காற்றில் குளிரும் இன்ஜினில் தண்ணீர் இல்லை, அதனால் வெப்பநிலை ஏற்ற இறக்கம் அதிகம். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும், பீட்டில் இன்ஜினின் கேஸ் (வெளிக்கூடு) செய்த மக்னீசியக் கலவை அதைவிடச் சற்று அதிகம் நீளும், சிலிண்டர் வார்ப்பிரும்பு என்பதால் கிட்டத்தட்ட பாதி. கார்ப்புக்குக் கார்ப் தூரம் அரை மீட்டர் என்று வைத்து, 80 டிகிரி ஏறுகிறது என்று வைத்து, தோராயமாகக் கணக்குப் போட்டால் முக்கால் மி.மீ.-இலிருந்து ஒரு மி.மீ. வரை வருகிறது. இன்ஜின் உயரமும் அதேபோல் கொஞ்சம் கூடும்.

ஒரு மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஐடிலில் பட்டர்ஃப்ளை (பேரலுக்குள் காற்றைத் திறந்து மூடும் தட்டு) திறந்திருப்பதே மயிரிழை அளவுதான். அதைச் சுழற்றும் த்ராட்டில் லீவர் 30 மி.மீ. நீளம் என்றால் அரை மி.மீ. நகர்ந்தாலே பட்டர்ஃப்ளை ஒரு டிகிரி சுழலும், ஐடில் எங்கேயோ போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் உட்கார்ந்து அழகாகச் சரிசெய்த லிங்கேஜ், பத்துக் கிலோமீட்டர் ஓடி சிக்னலில் நின்றதும் 1500 ஆர்பிஎம்மில் கத்துவது இதனால்தான்.

எந்த வகை லிங்கேஜ் என்பதைப் பொறுத்து இந்த வீக்கம் வேறு வேறு விதமாகப் பாதிக்கும்.

ஒரு கார்ப்பைக் கேபிள் இழுக்க, அதிலிருந்து ஒரே குறுக்குக் கம்பி மறு கார்ப்பை இழுக்கும் வகை ஒன்று உண்டு. மலிவு. முழு ஒரு மி.மீ.-யும் இரண்டாவது கார்ப் தலையில் விழும் என்பதால் சூட்டில் ஒருபோதும் இரண்டும் ஒத்துப்போகாது. உங்களிடம் இது இருந்தால் என் ஆலோசனை, மாற்றிவிடுங்கள்.

நடுவில் ஒரு பெல் கிராங்க் (இழுப்பின் திசையைத் திருப்பும் முழங்கைத் துண்டு) வைத்து, இரண்டு பக்கமும் சமமான கிடைக்கம்பிகள் போகும் வகை இரண்டாவது. சென்டர் புல் என்பார்கள். இன்ஜின் அகலமானால் இரண்டு பக்கமும் சமமாகப் பாதிக்கும், அதனால் இரண்டுக்கும் இடையே சமநிலை கெடாது, ஆனால் மொத்த ஐடில் ஏறலாம் அல்லது கம்பியில் லூஸ் வரலாம். கட்டமைப்பு நல்லது, விலை கூட.

மூன்றாவது ஹெக்ஸ் பார். டைனமோவுக்கு மேலே குறுக்காக ஓர் அறுகோணக் கம்பி, இரண்டு முனையும் கார்ப்மேல் உள்ள பிராக்கெட்டில் உருளும், கம்பியிலிருந்து பக்கத்துக்கு ஒரு டவுன் ராட் த்ராட்டில் லீவருக்கு இறங்கும். பலரும் இதைத் திட்டுவார்கள். என் கருத்தில் ஹெக்ஸ் பார்மேல் வருகிற புகார்களில் பெரும்பகுதி அதைக் கோணலாக மாட்டியதால் வருவது. டவுன் ராட் இரண்டும் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் ஹெட் விலகுவது அவற்றைக் கிட்டத்தட்ட தொடவே தொடாது. ஒரு ராட் 20 டிகிரி சாய்ந்திருந்தால், அந்தப் பக்கம் அரை மி.மீ. விலகும்போது லீவர் 0.17 மி.மீ. இழுபடும். அதுவே போதும், ஐடிலைக் கெடுக்க.

லிங்கேஜுக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒவ்வொன்றும் தனி வழிகாட்டி. டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே) குளிர்ந்த இன்ஜினில் 0.15 மி.மீ. (ஸ்டாண்டர்டு புஷ் ராட் என்றால்). 009 டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் முழு அட்வான்ஸ் (பொறி முந்தி விழும் கோணம்) 28 முதல் 32 டிகிரிக்குள், 3500 ஆர்பிஎம் சுமாரில் டைமிங் லைட்டால் பார்த்து. பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவு, 3.5-ஐத் தாண்டினால் வெபரில் ஊசி வால்வை மீறி வழியும். நாலு சிலிண்டர் கம்ப்ரஷனும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு சிலிண்டர் செத்துக் கிடந்தால், கார்ப்புக்குள் போகும் காற்றை அளக்கும் மீட்டர் உங்களிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

மானிஃபோல்டு (கார்ப்பை ஹெட்டோடு இணைக்கும் குழாய்) கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்பது தனி முக்கியம். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு டவுன் ராடை நீட்டுவதும் குறுக்குவதுமாக இருந்தேன், காலையில் சரியாக இருக்கும், மாலையில் கெட்டுவிடும். கடைசியில் பார்த்தால் 3-ம் சிலிண்டர் பக்கத்து மானிஃபோல்டு நட் அரைச்சுற்று லூஸ். அதை இறுக்கியதும், அதுவரை நான் ‘சரிசெய்த’ எல்லாமே தப்பாகிவிட்டன, முதலிலிருந்து தொடங்கினேன்.

இந்த வேலையில் பெட்ரோல் வாடையோடுதான் இருப்பீர்கள், இன்ஜின் கேஸோ மக்னீசியக் கலவை. மக்னீசியம் பற்றிக்கொண்டால் சாதாரணத் தீயணைப்பானுக்கு அடங்காது, தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும். பெட்ரோல் தீயாக இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். ஹோஸ் எல்லாவற்றுக்கும் கிளாம்ப் போட்டு, தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். காரின் டிக்கியில் இருந்தால் கணக்கில் வராது.

கார்ப்பை ஹெட்டில் மாட்டும் முன்

மேசைமேல் வைத்து ஸ்பீடு ஸ்க்ரூவை (ஐடிலில் பட்டர்ஃப்ளையைச் சற்றே திறந்து வைக்கும் திருகு) முழுக்கப் பின்வாங்குங்கள். பட்டர்ஃப்ளை மூடியிருக்க, கீழிருந்து டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். இரண்டு பேரலிலும் ஓரமாகத் தெரியும் வெளிச்சக் கீற்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் பிறை மாதிரித் தெரிந்து மற்றதில் இருட்டாக இருந்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது அல்லது பட்டர்ஃப்ளை கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஐடிஎஃப்பில் இரண்டு பட்டர்ஃப்ளையும் ஒரே ஷாஃப்டில், அதை ஒரு முனையில் பிடித்துத்தான் சுழற்றுகிறோம். லீவர் நட்டை ஷாஃப்டைப் பிடிக்காமல் முறுக்கியவர்கள் கையில் ஷாஃப்ட் முறுகிப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நட் இறுக்கும்போது லீவரைக் கையால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள், பட்டர்ஃப்ளை பேரல் சுவரில் முட்டி நிற்க விட்டு இறுக்காதீர்கள்.

ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த வழியே காற்று நுழையும், எந்த டியூனிங்கும் நிலைக்காது.

ஹெக்ஸ் பாரை நேராக மாட்டுவது

கார்ப்களை மாட்டி, பிராக்கெட்டுகளை மாட்டி, பாரை வையுங்கள். பக்கவாட்டில் ஒரு மி.மீ. அளவு ஆட்டம் போதும். இன்ஜின் சூடாகி விலகும்போது அந்த ஆட்டம் கூடும் என்பதை நினைவில் வையுங்கள், குளிரிலேயே நாலு மி.மீ. ஆடினால் சூட்டில் பார் சாக்கெட்டை விட்டுக் கழன்றுவிடும். முனையில் ஸ்பிரிங் உள்ள பார் என்றால் இந்தக் கவலை இல்லை. நான் முதலில் வாங்கிய மலிவு கிட்டில் முனைக் குழியே பெரிதாக இருந்தது, பாரைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் த்ராட்டில் அசைந்தது. அப்படிப்பட்டதைத் தூக்கிப் போடுவது தவிர வழியில்லை. வாங்கும்போதே முனையைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து பாரில் உள்ள கைகள். அறுகோணம் என்பதால் இரண்டு கையும் ஒரே முகத்தில் உட்கார்ந்தால் தானாக ஒரே கோணத்துக்கு வரும், இதுதான் அறுகோணத்தின் பயனே. கையை லீவரின் ராட் எண்டுக்கு (ராடின் முனை மூட்டுக்கு) நேர் மேலே வரும்படி பக்கவாட்டில் நகர்த்துங்கள். காரின் பின்னால் நின்று பார்த்தால் டவுன் ராட் தூக்குக்குண்டு மாதிரி தொங்க வேண்டும். கண்ணால் மட்டும் நம்பாமல், ஒரு நூலில் நட் கட்டித் தொங்கவிட்டே பாருங்கள்.

ராட் நீளம் இரண்டும் சமமா? கழற்றி, பக்கத்தில் பக்கம் வைத்து, முனைத் துளைகளில் ஒரே போல்ட்டை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சமமான நீளத்தில் தொடங்கி, இறுதியில் ஒரு மி.மீ. இரண்டு மி.மீ. வித்தியாசம் வந்தால் இயல்பு. பத்து மி.மீ. வித்தியாசம் வைத்தால்தான் ஐடில் சேர்கிறது என்றால் பிராக்கெட் உயரமோ லீவர் கோணமோ வேறுபடுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டால் ஐடிலிலும் முழு த்ராட்டிலிலும் ஒத்துப்போகும், நடுவில் பிரிந்துபோகும். கையும் ராடும் செங்கோணத்தில் இருக்கும்போது அசைவு வேகமாகக் கடத்தப்படும், இரண்டும் ஒரே கோட்டுக்கு நெருங்க நெருங்க மந்தமாகும். இடமும் வலமும் வேறு கோணத்தில் புறப்பட்டால் ஒன்று முந்தி ஓடி இன்னொன்று பின்னால் வந்து சேரும்.

இரண்டு கார்ப்புக்கும் தனித்தனி ரிட்டர்ன் ஸ்பிரிங் கட்டாயம். ஒரு ராட் கழன்றால் அந்தக் கார்ப் தானாக மூட வேண்டும். ஒரே ஸ்பிரிங்கைக் கேபிள் கையில் மாட்டிவிட்டு ‘போதும்’ என்பவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

கேபிளை முழு த்ராட்டிலிலிருந்து தொடங்குங்கள்

ஐடிலில் கேபிளை இறுக்கிவிட்டு முழு த்ராட்டில் எப்படியோ வரட்டும் என்று விடுவது பலர் செய்யும் தவறு. ஒருவரை உள்ளே உட்கார வைத்து, இன்ஜின் ஆஃப், பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் த்ராட்டிலைக் கையால் முழுக்கத் திறந்து, ஸ்டாப்புக்கு ஒரு மி.மீ. முன்னால் நிறுத்தி, அந்த நிலையில் கேபிள் கிளாம்ப்பை இறுக்குங்கள். அந்த ஒரு மி.மீ. இல்லையென்றால் காலின் மொத்த பலமும் கேபிளிலும் ஷாஃப்டிலும் போகும், கேபிள் அறும், ஷாஃப்ட் முறுகும். இப்போது பெடலை விட்டதும் கேபிளில் சிறிது லூஸ் இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டிருந்தால் கையின் நீளம் பொருந்தவில்லை என்று அர்த்தம், கேபிள் மாட்டும் துளையை மாற்றிப் பாருங்கள்.

மேலிருந்து எட்டிப் பார்த்து நாலு பட்டர்ஃப்ளையும் செங்குத்தாக நிற்கிறதா உறுதி செய்துகொள்ளுங்கள். அதிகாலை வெளிச்சத்தில் செய்தால் டார்ச் தேவையில்லை, முதுகும் வேகாது.

கம்பி இல்லாமல் ஐடில்

டவுன் ராட் இரண்டையும் லீவர் முனையில் கழற்றுங்கள். ஸ்பீடு ஸ்க்ரூ லீவரைத் தொடாத அளவுக்குப் பின்வாங்கி, பிறகு மெதுவாகத் திருகித் தொட்ட இடத்தைப் பிடியுங்கள். நடுவில் ஒரு துண்டு மெல்லிய தாள் வைத்தால் தொட்டது எப்போது என்று துல்லியமாகத் தெரியும். தொட்டதிலிருந்து அரைச் சுற்று உள்ளே. மிக்ஸ்சர் ஸ்க்ரூ (ஐடில் கலவையை அளந்துவிடும் திருகு) நாலையும் மெல்ல மூடி (அழுத்தி மூடினால் ஊசி முனையும் இருக்கையும் கெடும்), ஒன்றரைச் சுற்று வெளியே. பைபாஸ் ஸ்க்ரூ (பட்டர்ஃப்ளையைத் தாண்டிக் கொஞ்சம் காற்றை விடும் திருகு) இருந்தால் நாலையும் மூடிவிடுங்கள்.

ஐடிஎஃப்பில் சோக் பெரும்பாலும் இருக்காது, த்ராட்டிலை நாலைந்து முறை கையால் அடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வர வேண்டும், நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் வராது. நான் செய்வது: ராடைத் தோராயமாக மாட்டி, இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டி, வந்ததும் ராடைக் கழற்றி வேலையைத் தொடங்குவது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எக்ஸாஸ்ட் பக்கத்தில்தான் கை போகும்.

இப்போது காற்று மீட்டர். நத்தை வடிவில், முள்ளோடு, மணிக்கு எத்தனை கிலோ காற்று போகிறது என்று காட்டும் ஜெர்மன் சின்க்ரோமீட்டர் ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் வரும். இல்லாதவர்கள் ஒரு முழ ரப்பர் ஹோஸை ஒரு முனை காதிலும் மறுமுனை பேரல் வாயிலும் வைத்து ‘ஸ்ஸ்’ சத்தத்தை ஒப்பிடலாம், பழக்கத்தில் காது நன்றாகவே பிடிக்கும். ஏர் கிளீனரைக் கழற்றி, மீட்டரை ஒவ்வொரு பேரலிலும் அழுத்தி வைத்து, முள் நின்றதும் குறித்துக்கொண்டு உடனே எடுத்துவிடுங்கள். வைத்துக்கொண்டே இருந்தால் மீட்டரே மூச்சை அடைத்து ஐடிலை இறக்கிவிடும். 1 முதல் 4 வரை தாளில் எழுதுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

இந்த அளவு இன்ஜினில் 900 ஆர்பிஎம் சுமாருக்கு நான் வழக்கமாகப் பார்ப்பது 4 முதல் 6 கிலோ. எண் எது என்பதைவிட நாலும் சமமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கார்ப்பிலும் அதிகம் இழுக்கும் பேரலை எடுங்கள். அந்த இரண்டையும் ஸ்பீடு ஸ்க்ரூவால் சமப்படுத்துங்கள், ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைத்து, ஐடில் 850-க்கும் 950-க்கும் இடையில் நிற்கும்படி. பிறகு ஒவ்வொரு கார்ப்பிலும் பலவீனமான பேரலின் பைபாஸ் ஸ்க்ரூவை மட்டும் மெல்லத் திறந்து, பக்கத்துப் பேரலுக்கு இணையாக்குங்கள். பலமான பேரலின் பைபாஸ் மூடியே இருக்கட்டும். ஒரு சுற்றுக்கு மேல் திறக்க வேண்டியிருந்தால் முறுகிய ஷாஃப்ட் என்ற சந்தேகம் திரும்பி வரட்டும்.

அப்புறம் மிக்ஸ்சர். ஒரு ஸ்க்ரூவை எடுத்து, இன்ஜின் தடுமாறும் வரை உள்ளே திருகுங்கள், பிறகு வெளியே திருகிக்கொண்டே வந்தால் ஆர்பிஎம் ஏறி ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்திலிருந்து கால் சுற்று வெளியே. நாலுக்கும் இப்படி. உள்ளே முழுக்க மூடினாலும் இன்ஜின் கண்டுகொள்ளவில்லையா? இரண்டு காரணம்தான் பெரும்பாலும். ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது, வெபரில் இது சர்வ சாதாரணம், கழற்றி ஊதிப் பாருங்கள். அல்லது ஸ்பீடு ஸ்க்ரூ அதிகம் உள்ளே போய், பட்டர்ஃப்ளை ஓரம் புரோக்ரஷன் துளைகளை (பெடலை லேசாக மிதிக்கும்போது பெட்ரோல் தரும் சின்னத் துளைகள்) திறந்துவிட்டது, பெட்ரோல் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடாமலே அந்த வழியே வருகிறது. ஸ்பீடு ஸ்க்ரூ முக்கால் சுற்றைத் தாண்டினால் எனக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். டைமிங் பின்தங்கியிருந்தாலும் ஐடிலைத் தூக்க நாம் ஸ்க்ரூவைத் திருகித் திருகி இங்கேதான் வந்து சேர்வோம்.

மிக்ஸ்சர் மாறியதும் காற்று அளவும் சற்று மாறும். மீட்டரை மறுபடி வையுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும். சலிக்காமல் செய்தால், கம்பி இல்லாமலே இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடும் ஒரு தருணம் வரும். அந்த எண்களை எழுதி வையுங்கள்.

இப்போது கம்பியை மாட்டுவது

இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு டவுன் ராடை லீவர் பக்கம் கொண்டுவந்து, பால் ஜாயிண்ட் அல்லது போல்ட் தானாகத் துளையில் விழும் நீளம் வரும் வரை ராடைச் சுழற்றுங்கள். ‘கொஞ்சம் இழுத்தால் போதும் மாட்டிவிடலாம்’ என்ற இடம் தப்பான இடம். மாட்டும்போது லீவர் ஸ்பீடு ஸ்க்ரூவை விட்டு அசையவே கூடாது.

ராடின் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை, அதனால் நடுக்கம்பியைச் சுழற்றினால் இரண்டு முனையும் ஒன்றாக நீளும் அல்லது சுருங்கும். ஆறு மி.மீ. சாதாரண மரையில் ஒரு பல்லுக்கு ஒரு மி.மீ. தூரம், இரண்டு முனையும் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு மி.மீ. ஆகவே கால் சுற்று என்பது அரை மி.மீ., லீவரில் ஒரு டிகிரி. நாம் பேசிக்கொண்டிருக்கும் அளவுக்கு அது மிகப் பெரிய அசைவு. கடைசி நேரத்தில் எட்டில் ஒரு சுற்றாகத்தான் நகர்த்த வேண்டும்.

மறுபக்கமும் இதே மாதிரி. இரண்டையும் மாட்டியபின் எனக்குப் பிடித்த ஒரு சோதனை: இரண்டு ஸ்பீடு ஸ்க்ரூவின் அடியிலும் ஒரே தாளிலிருந்து கிழித்த இரண்டு துண்டுகளைச் செருகுங்கள். லீவர் ஸ்பிரிங் அவற்றைக் கவ்விப் பிடிக்கும். ஒருவர் கேபிளை மிக மெதுவாக இழுக்க, நீங்கள் இரண்டு தாளையும் இரண்டு கையால் லேசாக இழுத்துக்கொண்டிருங்கள். இரண்டும் ஒரே நொடியில் விடுபட வேண்டும். இடது தாள் முதலில் வந்தால் இடது கார்ப் முந்துகிறது. மீட்டர் இல்லாமலே லிங்கேஜின் பாதிப் பிழை இதில் தெரிந்துவிடும்.

ஸ்டார்ட் செய்து ஐடில் எண்களைப் பாருங்கள். எழுதி வைத்ததிலிருந்து மாறியிருந்தால் ராடைத்தான் தொட வேண்டும். ஸ்பீடு ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், தொட்டால் இவ்வளவு நேரம் செய்தது வீண்.

அடுத்து 2500-3000 ஆர்பிஎம். பெடலில் ஒருவர் நிலையாகப் பிடிக்க முடியாது, கால் ஆடும், நான் ஒரு நீள போல்ட்டைப் பாரின் கைக்கு முட்டுக்கொடுத்து வைத்துக்கொள்வேன். பக்கத்துக்கு ஒரு பேரல் அளந்தால் போதும். இடது குறைவாக இருந்தால் இடது ராடை, அது தள்ளித் திறக்கும் வகை என்றால் நீட்டுங்கள், இழுத்துத் திறக்கும் வகை என்றால் சுருக்குங்கள். எட்டில் ஒரு சுற்று, மீண்டும் அளவு. பிறகு ஐடிலுக்கு இறக்கி, தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இங்கேதான் பலருக்குப் பொறுமை போகிறது. 3000-இல் சேர்த்தால் ஐடிலில் பிரிகிறது, ஐடிலில் சேர்த்தால் 3000-இல் பிரிகிறது. ராடு நீளத்தால் இது தீராது. கைகளின் கோணம் வேறுபடுகிறது, அல்லது பார் நடுவில் முறுகுகிறது (கேபிள் கைக்கு அருகில் உள்ள கார்ப் எப்போதும் முந்தினால் இதைச் சந்தேகியுங்கள்), அல்லது எங்கோ ஆட்டம் இருக்கிறது. பின்னால் போய்த் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள்.

சமரசம் செய்தே ஆக வேண்டும் என்றால் நான் 2000 சுமாரில் துல்லியமாக வைத்துவிட்டு, ஐடிலில் லிங்கேஜ் லேசாக லூஸாக நிற்கும்படி விடுவேன். ஐடிலை ஸ்பீடு ஸ்க்ரூக்களே தாங்கும். பெடலில் ஓர் இழை வெற்று அசைவு தெரியும், அவ்வளவுதான்.

இறுக்கும்போது கெடுவது

எல்லாம் சரியாக வந்தபின் லாக் நட்டை இறுக்கினால் ராடும் கூடச் சுழன்று அளவு போய்விடும். ராடைச் சின்ன ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இடது மரைப் பக்கத்து நட் எதிர்ப்பக்கம் இறுகும், அவசரத்தில் மறந்து மரையை அறுத்துவிடாதீர்கள். இரண்டு ராட் எண்டும் அதனதன் ஆட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும், ஒன்று ஒரு பக்கமாக முட்டி நின்றால் த்ராட்டில் பாதியில் பிடித்துக்கொள்ளும். இறுக்கியபின் மீண்டும் அளந்தே ஆக வேண்டும். பால் ஜாயிண்ட் வகை என்றால் பாதுகாப்பு கிளிப் போடுங்கள்.

ஏர் கிளீனர் மாட்டி, இன்ஜின் மூடியை மூடி, பெடலை முழுக்க மிதித்து விடும்போது எதிலும் உரசாமல் டப்பென்று திரும்புகிறதா பாருங்கள். ஏர் கிளீனர் அடித்தட்டு பாரின் கையைத் தொடும் கிட்டுகள் உண்டு, கழற்றி வைத்துச் சோதித்தவருக்கு இது ரோட்டில்தான் தெரியவரும். ஓட்டும்போது த்ராட்டில் திறந்தபடியே சிக்கினால் கிளட்ச்சை மிதித்து இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். உடன் ஓட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ரோட்டில் தெரியும் அறிகுறிகள்

சூட்டில் மட்டும் ஐடில் ஏறி நின்றால், ராடைக் கழற்றுங்கள். உடனே இறங்கினால் லிங்கேஜ் இழுக்கிறது, ராடில் கொஞ்சம் லூஸ் கொடுங்கள். இறங்கவில்லையென்றால் கசிவையோ டிஸ்ட்ரிபியூட்டர் வெயிட் சிக்குவதையோ தேடுங்கள். பெடலை லேசாகத் தொடும்போது ஒரு தயக்கம், பிறகு பாய்ச்சல் என்றால் ஒரு கார்ப் முந்துகிறது, தாள் சோதனை. பெடலை விட்டு இறக்கத்தில் வரும்போது எக்ஸாஸ்டில் பட்பட் என்றால் மிக்ஸ்சர் குறைவு அல்லது எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிவு, லிங்கேஜை விட்டுவிடுங்கள். எந்தச் சிலிண்டர் சோம்பேறி என்று தெரிய, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். எதில் சீறவில்லையோ அதுதான்.

புது கிட் என்றால் முதல் 500 கிலோமீட்டருக்குள் முனைகள் பழகி அளவு சற்று நகரும். மறுபடி ஒரு முறை சூடாக்கி, ராடைக் கழற்றி, அளந்து பாருங்கள். எழுதி வைத்த தாளை இன்ஜின் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தால் அடுத்த முறை அரை மணி நேர வேலைதான்.